கியர் ஓட்டத் தெரிந்தவனுக்கு இத்தாலியில் ஆட்டோமேட்டிக் எதற்கு?

11 பிப்ரவரி 2024

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் மனைவி, மகள், நான் மூவரும் இத்தாலி போகிறோம். ஃபிளாரன்ஸில் மூன்று நாள், அப்புறம் ஒன்பது நாள் டஸ்கனி கிராமப்புறம். அந்த ஒன்பது நாளுக்குக் கார் வேண்டும். பஸ்ஸை நம்பி அந்த மலையூர்களைச் சுற்ற முடியாது என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

வாடகை விசாரித்தேன். ஃபியட் பாண்டா மாதிரி சின்ன வண்டி, மேனுவல், ஒன்பது நாளுக்கு 310 யூரோ. அதே அளவு வண்டி ஆட்டோமேட்டிக் என்றால் 465 யூரோ. வித்தியாசம் 155 யூரோ. நம் காசில் கிட்டத்தட்ட 14,000 ரூபாய்.

நான் கோயம்புத்தூர்க்காரன். 19 வருஷமாக மேனுவல்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையில், பனிமூட்டத்தில், டீத்தூள் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறியவன். கிளட்ச் என் இடது காலுக்கு ஆறாவது விரல். எனவே என் கட்சி இதுதான்: கியர் ஓட்டத் தெரிந்தவன் ஆட்டோமேட்டிக்குக்கு 14,000 ரூபாய் தண்டம் அழ வேண்டியதில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

11 பிப்ரவரி, இரவு

மூன்று பேர் ஒரே கேள்வி. "ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குமே, யோசித்தீர்களா?"

யோசித்தேன். கியர் வலது கைக்கு வரும். அந்தக் கையால்தான் எழுதுகிறேன், சாப்பிடுகிறேன். கியர் போட மட்டும் அதற்குக் கசக்குமா?

13 பிப்ரவரி

ஒரு தவறைத் திருத்துகிறேன். "எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலமாக மாறியிருக்கும், மூளை அதைப் புரிந்துகொள்ளும்" என்று ஒருவருக்கு அவசரப்பட்டுப் பதில் எழுதினேன். அப்படி இல்லை. துபாயில் ஓட்டும் நண்பர் அதைப் பொறுமையாக விளக்கினார்.

பெடல்கள் மாறுவதில்லை. இடது காலில் கிளட்ச், நடுவில் பிரேக், வலது ஓரம் ஆக்சிலேட்டர், எல்லாம் நம் ஊர் போலவே. கியர் குமிழ் மேல் வரைந்திருக்கும் படமும் மாறுவதில்லை. முதல் கியர் இடது மேல் மூலை, ஐந்தாவது வலது மேல் மூலை. கைதான் மாறுகிறது. சிக்கல் அதில்தான் இருக்கிறது. நம் வண்டியில் நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது கையைத் தன் பக்கம் இழுத்து மேலே தள்ளுகிறோம். 19 வருஷப் பழக்கம், யோசிக்காமல் நடப்பது. அங்கே உட்கார்ந்து அதே அசைவைச் செய்தால் கை போகும் இடம் முதல் கியர் பக்கம். 90 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரைத் தேடினால் என்ன ஆகும் என்று நண்பர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று, என் ஸ்விஃப்டில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம். ஐரோப்பிய வண்டிகளில் இடது பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும், வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டே போவீர்கள் என்றார்.

என் கட்சி மாறவில்லை. சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

18 பிப்ரவரி

பிர்மிங்காமில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: "உங்கள் வீட்டில் இன்னொருவர் ஓட்டுவாரா?"

மனைவி ஓட்டுவாள். நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் நாலு வருஷமாக அவள் கையில் இருப்பது ஏ.எம்.டி. வண்டி, கியரைத் தானே மாற்றிக்கொள்வது. கிளட்ச் பெடலே கிடையாது. மேனுவல் எடுத்தால் ஒன்பது நாளும் நான் மட்டும்தான். இதை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அந்த அக்கா ஊரில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினால் உரிமத்திலேயே அப்படிக் குறித்துவிடுவார்கள், மேனுவலைத் தொடக்கூடாது. சிங்கப்பூரிலும் அப்படித்தான், 3A என்றால் ஆட்டோமேட்டிக் மட்டும். நம் ஊரில் டூவீலருக்கு "கியர் உள்ளது, கியர் இல்லாதது" என்று பிரித்து வைத்திருக்கிறோம். காருக்கு எல்.எம்.வி. என்ற இலகு ரக வாகன உரிமம் ஒன்றே ஒன்று. ஆக, ஸ்கூட்டி ஓட்டுபவர் புல்லட் ஓட்டக்கூடாது, ஏ.எம்.டி. மட்டுமே ஓட்டிப் பழகியவர் எந்த கியர் காரையும் எடுத்துக்கொண்டு எந்த மலையும் ஏறலாம். இந்த ஞானம் யாருக்கு உதித்ததோ.

மனைவியிடம் கேட்டேன். "நீங்களே ஓட்டுங்க, எனக்கென்ன, நான் வேடிக்கை பாத்துட்டு வர்றேன்" என்றாள். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2 மார்ச்

வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை உட்கார்ந்து படித்தேன். கண் வலிக்கிறது.

மோதல் சேதத்துக்குக் காப்பு உண்டு. அதிலும் முதல் இவ்வளவு யூரோ நம் தலையில், அதற்கு மேல்தான் அவர்கள். அந்தத் தொகையை நம் கிரெடிட் கார்டில் முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். ஓட்டுநர் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பில் வராது. எனக்கு முன்பு தெரியாதது, கிளட்சும் வராது. கிளட்ச் தேய்ந்தால் அது ஓட்டியவன் தப்பு என்பது அவர்கள் வாதம். வேறு நிறுவனங்களின் ஒப்பந்தங்களையும் புரட்டினேன். பெரும்பாலும் இதே கதைதான்.

நான் கிளட்ச் கருக்கியதே இல்லை என்று எழுதப் போனேன். எழுத முடியவில்லை. 2011 தீபாவளி வாரம், வால்பாறை போகும் வழியில் ஒரு லாரி நின்றுபோனது. பின்னால் நாற்பது ஐம்பது வண்டி. ஏற்றத்தில் அரை மணி நேரம் ஹாஃப் கிளட்சிலேயே நிறுத்தி நிறுத்தி ஊர்ந்தேன். கருகின வாசனை முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்று நம்பினேன். மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலேயே, மூக்கை மட்டும் நீட்டி, "கிளட்ச் பிளேட் போச்சுங்ணா" என்றார். ஒன்பதாயிரம் ரூபாய்.

3 மார்ச்

"ஆறாவது விரல் கருகிவிட்டதா?" என்று கேட்டவருக்கு: ஆமாம். சந்தோஷமா?

17 மார்ச்

இன்று செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

போன வாரம் ஸ்விஃப்டில் இடது சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் அணைத்த நிலையில், வலது கையால் கியர் மாற்றிப் பழகிப் பார்த்தேன். கால் மிதிக்க எதுவும் இல்லாமல் வெறும் தரையை மிதித்தது, கிளட்ச் இல்லாமல் கியரும் ஒழுங்காக விழவில்லை. எதிர் வீட்டுத் தாத்தா கேட் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் உறைத்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் இடது பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்குமே! இடது காலில் கிளட்ச், வலது கையில் கியர். இத்தாலி வண்டியின் பாதி அப்படியே வந்துவிட்டது. எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டரைத் தேடிப் போனேன். வயது எழுபதை நெருங்குகிறது, இன்னும் ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் அரை நிமிடம் என்னையே பார்த்தார். "கட்டணம் ஒரு மணி நேரத்துக்குதானுங்க, சிரிக்கிறதுக்குத் தனி" என்றார்.

ஒரு காலி மைதானத்தில் அவர் வலது சீட்டில் ஸ்டியரிங்கும் ஆக்சிலேட்டரும் பார்த்துக்கொள்ள, நான் இடது சீட்டில் கிளட்சும் கியரும். இரட்டை மாட்டு வண்டியில் மாட்டுக்கு ஒரு வண்டிக்காரன் மாதிரி. முதல் பதினைந்து நிமிடம் பல் சக்கரம் அலறியது. இரண்டாவதுக்குப் பதில் நாலாவது விழுந்து வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. அரை மணி நேரத்தில் கை பிடித்துக்கொண்டது. உண்மையாகவே பிடித்துக்கொண்டது.

கிளம்பும்போது மாஸ்டர் சொன்னது மட்டும் உறுத்துகிறது. "கியர் வந்துரும் தம்பி. உங்க வலது பக்கம் எவ்வளவு வண்டி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அது வர்றதுக்கு நாளாகும்." 19 வருஷமாக நான் வண்டியின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வண்டி முழுக்க என் இடது பக்கம். அங்கே தலைகீழ். இதற்கு மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பேதம் இல்லை. இரண்டிலும் வரும் தலைவலிதான். ஆனால் ஒரு தலைவலிதானே வரும் என்று இருப்பதற்கும், ஏற்கெனவே உள்ள தலைவலியோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

9 ஏப்ரல்

ஆர்.டி.ஓ. வேலை முடிந்தது. இத்தாலியில் நம் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். படிவம் 4A, பாஸ்போர்ட், விசா நகல், 1,000 ரூபாய். முன்பு ஒரு பதிலில் அது ஆறு மாதம்தான் செல்லும் என்று எழுதியிருந்தேன், தவறு. ஒரு வருஷம். அது தனியாகச் செல்லாது, அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

மனைவிக்கும் எடுங்கள் என்று மூன்று பேர் சொன்னீர்கள். எடுக்கவில்லை. வாடகை வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டேன். மேனுவல்.

எப்படி முடிவெடுத்தேன் என்று கேட்டால் நேர்மையான பதில்: 14,000 ரூபாய் கால் பங்கு, வீம்பு முக்கால் பங்கு. இவ்வளவு தூரம் வாதாடிவிட்டு ஆட்டோமேட்டிக் எடுத்தேன் என்று இங்கே வந்து எழுத மனசு வரவில்லை.

28 ஏப்ரல்

ஸ்காட்லாந்து போய் வந்த மதுரை நண்பர் எழுதியதைப் படித்ததும் வயிறு எரிந்தது. அங்கே நம்மைப் போல இடது பக்கப் போக்குவரத்து. ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கையில். நம் உரிமமே போதும். அவர் மேனுவல் எடுத்து, 626 மீட்டர் உயரம் ஏறும் பெலாக் நா பா சாலையில் கொடைக்கானல் ரோடு மாதிரி ஓட்டியிருக்கிறார். ஒற்றை வண்டி போகும் அகலம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள். நமக்கு இதெல்லாம் தாய்ப்பாலோடு ஊட்டியது.

ஆக என் முதல் கட்சியைத் திருத்தி எழுதுகிறேன். "கியர் தெரிந்தவனுக்கு வெளிநாட்டில் ஆட்டோமேட்டிக் வேண்டாம்" என்பது பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து மாதிரி இடது பக்க நாடுகளுக்குச் சரி. மற்ற நாடுகளுக்கு அது வேறு கேள்வி. இதை பிப்ரவரியிலேயே எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்டேனா?

ஃபிளாரன்ஸ் ஊருக்குள் வண்டியோடு நுழையாதீர்கள், இசட்.டி.எல். என்று ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று எச்சரித்தவருக்கு நன்றி. வெளியூர் வண்டி நுழையக் கூடாத பழைய நகரப் பகுதி, வாசலில் கேமரா, நுழைந்தால் அபராதம். நாங்கள் ஃபிளாரன்ஸில் டிராமில்தான் சுற்றப் போகிறோம். ஊரை விட்டுக் கிளம்பும் நாளில்தான் விமான நிலையத்தில் போய் வண்டி எடுக்கிறோம். எனவே அது எங்களுக்குப் பொருந்தாது.

19 மே, பியென்சா பக்கம் ஒரு பண்ணை வீடு

உயிரோடு இருக்கிறேன். பாண்டாதான் வந்தது, வெள்ளை நிறம், ஆறு கியர். ஆறு! நான் ஐந்துக்குத்தான் பழகியிருந்தேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் இடது கை கதவில் இடித்தது எத்தனை முறை என்று மகள் எண்ணினாள். 23. கியரைத் தேடி இடது கை போகும், கதவுப் பிடியில் முட்டும், அப்புறம்தான் வலது கைக்கு ஞாபகம் வரும். வைப்பர் விஷயமும் நண்பர் சொன்ன மாதிரியே. நல்ல வெயில், நாங்கள் துடைத்துக்கொண்டே போனோம்.

ரிவர்ஸ் போடத் தெரியாமல் வாடகை நிறுவனத்தின் வாசலிலேயே ஏழு நிமிடம். குமிழுக்குக் கீழே ஒரு வளையம், அதை மேலே தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். சாவி வாங்கும்போதே ரிவர்ஸ் எப்படி என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள், நான் வெட்கப்பட்டேன்.

ஃபிளாரன்ஸ், சியேனா இடையே டோல் இல்லாத இரட்டைச் சாலை ஒன்று இருக்கிறது. பாதை குறுகல், இத்தாலியர்கள் அதில் பறக்கிறார்கள். மனைவி முழுக்க முழுக்க "இன்னும் லெஃப்ட், இன்னும் லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாஸ்டர் வாக்கு பொய்க்கவில்லை. நான் என்னை அறியாமல் வலது ஓரத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.

தூக்கம் வருகிறது. மீதி அப்புறம்.

23 மே

மூன்றாம் நாள் காலையில் கை தானாக வேலை செய்தது. பிடித்துவிட்டது. கியாண்டி பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் சாலையில் இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது என்று மாற்றிக்கொண்டு போனபோது இருந்த சுகத்தை ஆட்டோமேட்டிக்காரர்களுக்கு விளக்க முடியாது. விளக்கவும் மாட்டேன்.

அந்தத் திமிருக்கு நேற்று ஆப்பு. ஒரு சின்ன மலையூர், பெயர் வேண்டாம். கல் பாவிய சந்து, செங்குத்தான ஏற்றம், இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர். பார்க்கிங்கைத் தேடிக்கொண்டு ஏறினோம். நடுவில் ஒரு பாட்டி குறுக்கே வந்தார், நிறுத்தினேன். கிளம்பும்போது ஆஃப். மறுபடி ஆஃப். ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி பாண்டாவில் இருக்கிறது. இரண்டு விநாடிதான் பிடிக்கும், என் பதற்றத்துக்கு அது போதவில்லை. பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் பழைய வால்பாறை முறையில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் விட்டு, எடுத்தேன். அதே வாசனை வந்தது. 2011 வாசனை. இந்த முறை முன்னால் லாரி இல்லை.

எடுத்ததும் இனி எதற்காகவும் நிறுத்துவதில்லை என்று ஒரே மூச்சில் ஏறினேன். ஒரு வளைவில் மனைவி, "ஏனுங்க, அந்த போர்டுல என்னமோ எழுதியிருக்குது" என்றாள். சிவப்பு வட்டம், கீழே இத்தாலிய மொழி, பக்கத்தில் எரியும் எழுத்தில் "வார்கோ அத்தீவோ". நின்று படித்தால் மறுபடி ஆஃப் ஆகும். அத்தீவோ என்றால் ஆக்டிவ், வழி திறந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். மேலே பார்க்கிங் இல்லை, இறங்கும் வழிதான் இருந்தது. கீழே ஊருக்கு வெளியே வெள்ளைக் கோடு போட்ட இலவச இடமே கிடைத்தது. (வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் ஊர்க்காரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் ஒதுக்கியது, தொடாதீர்கள்.)

30 மே, கோவை

வந்து சேர்ந்தோம். வண்டியில் கீறல் இல்லை. வலது பக்க முன் சக்கரத்தின் தட்டில் ஒரு உரசல் இருந்தது, அவர்கள் கண்டுகொள்ளவில்லை, நானும் சொல்லவில்லை. கிளட்ச் பற்றி யாரும் கேட்கவில்லை.

"அப்போ உங்க கட்சி ஜெயிச்சுதா?" என்று கேட்கிறீர்கள். ஓட்ட முடிந்தது என்றால் ஜெயித்தது. ஆனால் இந்தப் பத்து நாளாக வேறு ஒன்று மனதில் ஓடுகிறது.

நம் ஊரில் கியர் மாற்றுவது எனக்கு வேலையே இல்லை. அது தன்னால் நடக்கும். நான் வேறு எதையாவது பேசிக்கொண்டு, நினைத்துக்கொண்டு போவேன். அங்கே அது மறுபடி வேலையாகிவிட்டது. ரவுண்டானாவில் எத்தனையாவது வழி, மேப் அம்மா என்ன சொல்கிறாள், உள்ளே இருப்பவனுக்கு வழி விட வேண்டும், இந்த போர்டு என்ன, பின்னால் ஒருவன் முட்டிக்கொண்டு வருகிறான். இவற்றுக்கெல்லாம் என்னிடம் இருப்பது ஒரே ஒரு தலை. அதில் ஒரு ஓரத்தை கியர் எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் கை பழகியது உண்மை. ஆனால் நெருக்கடி வந்ததும் பழகியது முதலில் கழன்றுவிட்டது. சந்தில் ஆஃப் ஆனபோது என் இடது கை மறுபடி கதவில்தான் இடித்தது.

அப்புறம் மனைவி. வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றவள் ஒன்பது நாளும் வழி சொல்லிக்கொண்டும், வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டும் வந்தாள். விமானத்தில் மகள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தக் குன்றைக் காட்டி, "இது எப்ப வந்துச்சு?" என்றாள். நாலு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறோம்.

6 ஜூன்

கேட்டவர்களுக்குச் சில பதில்கள், வேகமாக.

டோல்: நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு வரும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது தூரத்துக்குக் காசு. மஞ்சள் வழியில் போகாதீர்கள், அது அவர்கள் ஊர் ஃபாஸ்டேக் வண்டிக்கு. வேகம் 130, மழையென்றால் 110.

பெட்ரோல்: பென்சீனா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். "கேஸ்" மாதிரி ஒலிக்கிறதே என்று கசோலியோவைப் பெட்ரோல் என நினைத்து அடித்துவிடாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில் நாமே அடித்துக்கொண்டால் ஒரு விலை, ஆள் வந்து அடித்தால் கூடுதல் விலை.

மலைப்பாதையில் யாருக்கு முன்னுரிமை: நம் ஊர் போல ஏறும் வண்டிக்குத்தான். நம் ஊரில் சட்டப்படி, அங்கே நடைமுறையிலும்.

இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் பிடிக்குமா என்று கேட்ட சேலத்துக்காரருக்கு: பிடிக்கும். டொயோட்டா ஹைப்ரிட் மாதிரி வண்டிகளில் "பி" என்று ஒரு நிலை இருக்கிறது, இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். கொல்லிமலையின் 70 வளைவு இறங்கிப் பழகிய உங்களுக்கு நம்பிக்கை வராது, எனக்கும் முன்பு வரவில்லை.

11 ஆகஸ்ட்

கோவைக்கு வந்து இரண்டரை மாதம். இன்று அவினாசி ரோட்டில் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். வைப்பர் ஓடியது.

27 செப்டம்பர்

கிரெடிட் கார்டில் 45 யூரோ போயிருக்கிறது. வாடகை நிறுவனம். "போக்குவரத்து விதிமீறல், ஓட்டுநர் விவரம் அளித்ததற்கான கட்டணம்" என்று ஒரு மின்னஞ்சல். என்ன விதிமீறல் என்று இல்லை. 130-ஐத் தாண்டவே இல்லையே!

"இசட்.டி.எல். ஆக இருக்கும்" என்று நாலு பேர் உடனே சொல்லிவிட்டீர்கள். ஃபிளாரன்ஸுக்குள் நான் வண்டியே ஓட்டவில்லை.

28 செப்டம்பர்

சரி. அது ஃபிளாரன்ஸில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லையாம். பழைய ஊர் எதற்கும் இருக்கலாம், சின்ன மலையூருக்கும்.

"வார்கோ அத்தீவோ" என்றால் வாசல் கேமரா இப்போது வேலை செய்கிறது, நுழையாதே என்று அர்த்தமாம். மே 23 குறிப்பைப் படித்தபோதே தெரிந்தது, விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை என்கிறார் ஜெர்மனியில் இருக்கும் ஒரு தம்பி. நல்ல மனசு. நன்றாக இரு.

19 ஜனவரி 2025

பதிவுத் தபால் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாளுக்குள் அனுப்பினால் போதுமாம், அவசரமே படவில்லை. வண்டி எண், தேதி 22 மே, நேரம் மாலை 4:42. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த வேனுக்கு அனுமதி இருந்திருக்கும்.

ஐந்து நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் தள்ளுபடி. தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி. இரண்டாம் நாளே இணையத்தில் கட்டிவிடப் போகிறேன். தள்ளுபடி போக, தபால் செலவு சேர்த்து 76 யூரோ.

வழக்கம்போல "ஆட்டோமேட்டிக் எடுத்திருந்தாலும் போர்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்று ஒருவர் என் தரப்பில் வாதாடுகிறார். நன்றி, ஆனால் அது உண்மை இல்லை. போர்டைப் பார்த்தேன். மனைவி வேறு காட்டினாள். நின்று படிக்கத்தான் பயந்தேன். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்து நின்று, மகளின் ஃபோனில் அந்த இரண்டு வார்த்தையை மொழிபெயர்த்துப் பார்த்திருப்போம். வேன்காரன் ஹாரன் அடித்திருப்பான், அவ்வளவுதான்.

20 ஜனவரி 2025

கட்டியாயிற்று. சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மேனுவல் எடுத்ததில் மிச்சம் 155 யூரோ. அதில் 45-ம் 76-ம் போனால் 34 யூரோ. ஏறக்குறைய 3,000 ரூபாய். பார், இன்னும் லாபம்தான் என்றேன்.

மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மாஸ்டருக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றாள்.

அதை மறந்துவிட்டேன். கழிக்க வேண்டும்.